கப்பல் பலகையில் எழுத்துப் படித்தவர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, யாராவது ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜேம்ஸ் வாட், எடிசன் என்று வருடா வருடம் வருவதுதானே! அதற்காக நூலகத்தில் தேடும்போதுதான் பிரெடரிக் டக்ளஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. அடிமையாகப் பிறந்து, கறுப்பின மக்களின் விடுதலைக்காக எழுதியும் பேசியும் உலகப் புகழ் பெற்றவர் என்று போட்டிருந்தது. அதைப் படித்து நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பெரிய மனிதர்கள் கதை என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அடுத்த பக்கத்தில், அவர் கப்பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர், வார்ப்படப் பட்டறையில் துருத்தி போட்டவர் என்று இருந்தது. அட, நம்ம ஆள்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டக்ளஸ் 1818-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், டால்பட் என்ற பகுதியில் பிறந்தார். அப்போது அவர் பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. அம்மா ஹாரியட் பெய்லி வயலில் வேலை செய்த அடிமை. அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அடிமை என்பது அங்கே சட்டம். அப்பா ஒரு வெள்ளைக்காரர் என்பது மட்டும் தெரியும். எஜமானரேதான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, உறுதியாக யாரும் சொல்லவில்லை. பிறந்த தேதியும் தெரியாது. என் அப்பாவுக்கும்தான் பிறந்த தேதி தெரியாது. ஆனால் அது வீட்டில் யாருக்கும் எழுதி வைக்கத் தெரியாததால். அங்கே கேட்பதே குற்றம். வயதைக் கேட்கிற அடிமைப் பையனை எஜமானர்கள் அதிகப்பிரசங்கி என்று நினைத்தார்கள்.

குழந்தையை அம்மாவிடமிருந்து சின்னதிலேயே பிரித்துவிட்டார்கள். பாட்டி பெட்சி பெய்லிதான் வளர்த்தார். அம்மா இருந்த பண்ணை 12 மைல் தூரம். பகல் முழுக்க வயல்வேலை முடித்துவிட்டு, ராத்திரியில் 12 மைல் நடந்து வந்து, பிள்ளை பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, விடிவதற்குள் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியன் உதிக்கும்போது வயலில் இல்லையென்றால் சவுக்கடி. அப்படி அவர் வந்தது சில தடவைதான். பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும்போது இறந்துபோனார். வெளிச்சத்தில் அம்மா முகத்தைப் பார்த்த ஞாபகம் அவருக்கு அதிகம் இல்லை.

ஆறு வயதில் பாட்டி அவனைக் கூட்டிக்கொண்டு போய் எஜமானர் பண்ணையில் விட்டுவிட்டுச் சொல்லாமல் திரும்பிவிட்டார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு நீளச் சட்டை, அவ்வளவுதான். சோளக் களியை மரத்தொட்டியில் கொட்டிக் கீழே வைப்பார்கள். பிள்ளைகள் சிப்பி ஓட்டாலும் கையாலும் அள்ளித் தின்ன வேண்டும். வேகமாகத் தின்கிறவனுக்குத்தான் வயிறு நிறையும். குளிர்காலத்தில் சோளம் கொண்டுபோகும் ஒரு கோணிச்சாக்கைத் திருடி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு தூங்குவான்.

1826-இல் அவனை பால்டிமோர் நகரத்துக்கு அனுப்பினார்கள். எஜமானரின் உறவினர் ஹியூ ஆல்டு வீட்டில் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த வீட்டு அம்மா சோஃபியா அதற்கு முன் அடிமை வைத்துப் பழக்கமில்லாதவர், நல்ல மாதிரி. பையன் ஆர்வமாகக் கேட்டானே என்று ஆங்கில எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தார். மூன்று நாலு எழுத்துள்ள வார்த்தை வரை வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும் கத்தினார். அடிமைக்குப் படிப்பு வந்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான், எதற்கும் உதவமாட்டான் என்று பையன் எதிரிலேயே மனைவியிடம் விளக்கிச் சொன்னார். பாவம், அவர் சொன்னதே பையனுக்கு வழிகாட்டியாகப் போய்விட்டது! இவர் எதற்கு இவ்வளவு பயப்படுகிறாரோ அதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் சோஃபியாவே மாறிவிட்டார். பையன் கையில் செய்தித்தாள் இருந்தால் பாய்ந்து பிடுங்குவார். பையன் என்ன செய்தான் தெரியுமா? அந்த வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்கள் பசியோடு திரிவார்கள். பாக்கெட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு போவான். ஒரு துண்டு ரொட்டிக்கு ஒரு பாடம். அவர்கள்தான் அவனுக்கு வாத்தியார்கள்.

படிக்க வந்துவிட்டது, எழுதுவது எப்படி? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கப்பல் பட்டறையில் தச்சர்கள் ஒரு மரத்தை இழைத்து முடித்ததும், அது கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று ஒரு எழுத்தைப் போட்டு வைப்பார்கள். இடப்பக்கத்துக்கு அப்போது லார்போர்டு என்று பெயர், அதனால் 'எல்'. வலப்பக்கம் ஸ்டார்போர்டு, அதனால் 'எஸ்'. இடப்பக்கத்தின் முன்பகுதி என்றால் 'எல்.எஃப்.', வலப்பக்கத்தின் பின்பகுதி என்றால் 'எஸ்.ஏ.'. நாம் ஃபிட்டிங் ஷாப்பில் ஜாப்பில் நம்பர் குத்துகிறோமே, அதே மாதிரி. பையன் அந்த நாலு எழுத்தையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பிறகு எழுதத் தெரிந்த பையன் யாரையாவது பார்த்தால், உன்னைவிட எனக்கு நன்றாக எழுத வரும் என்று சவால் விடுவான். அவன் நம்பமாட்டான். இவன் தெரிந்த நாலு எழுத்தைப் போட்டுக் காட்டி, இதை ஜெயி பார்ப்போம் என்பான். அவன் ரோஷத்தில் மீதி எழுத்தெல்லாம் எழுதிக் காட்டிவிடுவான்! சுவர், வேலிப்பலகை, தெருக்கல் எல்லாம் நோட்டு. சுண்ணாம்புக் கட்டிதான் பேனா. வீட்டுப் பையன் எழுதித் தள்ளிய பழைய நோட்டில், வரிக்கு வரி விட்டிருந்த காலி இடத்தில் அதையே பார்த்து எழுதிப் பழகினான்.

பன்னிரண்டு பதிமூன்று வயதில், செருப்புக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த 50 சென்ட் காசில் 'கொலம்பியன் ஆரட்டர்' என்ற புத்தகத்தை வாங்கினான். பேச்சுப் பயிற்சிக்கான பாடநூல் அது. அதில் ஒரு எஜமானனும் அடிமையும் வாதம் செய்கிற பகுதி இருந்தது. வாதத்தில் ஜெயிப்பது அடிமை.

படிப்பு வந்தால் சந்தோஷம் வரும் என்றுதானே நமக்குச் சொல்கிறார்கள்? டக்ளஸுக்கு முதலில் வந்தது வேதனை. தன் நிலைமை என்ன என்று எழுத்தில் படித்துத் தெரிந்துகொண்டதும் தூக்கம் போய்விட்டது. படிக்காமலே இருந்திருக்கலாமே என்றுகூட நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இதை மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அதனால்தான் அவர் எழுதியதை எல்லாம் நான் நம்புகிறேன்.

பதினைந்து வயதில் தாமஸ் ஆல்டு என்ற இன்னொரு எஜமானரிடம் கிராமத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. இவன் சரிப்பட்டு வரமாட்டான் என்று நினைத்த தாமஸ், 1834 ஜனவரியில் எட்வர்டு கோவி என்பவரிடம் ஒரு வருடத்துக்கு அனுப்பினார். முரட்டு மாட்டை வசக்குவதற்கு ஒருவன் இருப்பானே, அந்த மாதிரி அடிமைகளை வசக்குவதில் பேர்போனவர் கோவி. ஆறு மாதம் அடி, அடி, அடி. ஆகஸ்டில் ஒரு நாள் கோதுமை தூற்றும்போது வெயிலில் மயங்கி விழுந்தான். அதற்கும் உதை, தலையில் ரத்தக் காயம். ஏழு மைல் நடந்து போய்த் தாமஸிடம் முறையிட்டான். அவர், கோவி நல்ல மனுஷன், போய் வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வழியில் சாண்டி என்ற இன்னொரு அடிமை, இதை வலது பக்கம் வைத்துக்கொள், எந்த வெள்ளைக்காரனும் அடிக்கமாட்டான் என்று ஒரு வேரைக் கொடுத்தான். (நம்ம ஊர்த் தாயத்து மாதிரி!) திங்கட்கிழமை காலையில் கோவி கயிற்றோடு வந்தபோது, வேர் வேலை செய்ததோ இல்லையோ, பையன் கோவியின் கழுத்தைப் பிடித்துவிட்டான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கட்டிப்புரண்டார்கள். கடைசியில் கோவிதான் விட்டுவிட்டுப் போனார். பதினாறு வயதுப் பையனிடம் தோற்றேன் என்று வெளியே சொன்னால் தொழில் கெட்டுவிடும் என்பதாலோ என்னவோ, வழக்கும் போடவில்லை. அதன் பிறகு அவரை யாரும் சவுக்கால் அடிக்கவே இல்லை. நானும் இனி 'அவன்' என்று எழுதமாட்டேன்.

1836-இல் நண்பர்களோடு தப்பியோடத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். பிறகு பழையபடி பால்டிமோர். கார்ட்னர் என்பவரின் கப்பல் பட்டறையில் வேலை பழகப் போட்டார்கள். பழகுவது எங்கே? எழுபத்தைந்து தச்சர்களுக்கும் எடுபிடி. ஒரு நாள் வெள்ளைக்கார அப்ரண்டிஸ்கள் நாலு பேர் சேர்ந்து அடித்து, கண் பிதுங்கிப் போகிற அளவுக்கு உதைத்தார்கள். ஐம்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹியூ ஆல்டே மாஜிஸ்ட்ரேட்டிடம் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக்கார சாட்சி ஒருவராவது வேண்டும், கறுப்பர் ஆயிரம் பேர் சொன்னாலும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு அதோடு சரி.

வேறு பட்டறைக்குப் போய் கலப்பற்று வேலை நன்றாகக் கற்றுக்கொண்டார். மரக்கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் சணல் நாரை உளியால் அடித்து இறுக்கி, மேலே சூடான கீலை ஊற்றித் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் அந்த வேலை. ஒரு வருடத்துக்குள் நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி, அது அங்கே நல்ல தொழிலாளிக்குக் கிடைக்கிற உச்சக் கூலி. வேலையைப் பேசியது இவர், செய்தது இவர், கூலி வாங்கியதும் இவர். ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு சென்ட்டும் ஹியூ ஆல்டு கைக்குப் போய்விடும். ஆறு டாலர் கொடுத்தால் சில சமயம் ஆறு சென்ட்டைத் திருப்பித் தருவார், உற்சாகப்படுத்துவதற்காக! அந்த ஆறு சென்ட் கையில் விழும்போதெல்லாம் டக்ளஸுக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்சமாவது தருகிறாரே என்றால், முழுசும் என்னுடையது என்று அவருக்கே தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

1838 செப்டம்பர் 3. மாலுமி உடை, ஒரு கறுப்பின மாலுமியிடம் இரவல் வாங்கிய அடையாளச் சீட்டு. அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் இவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. டிக்கெட் கவுண்டருக்குப் போனால் துருவிப் பார்ப்பார்கள் என்று, ரயில் புறப்படும் நேரத்தில் ஓடிப்போய் ஏறினார். கண்டக்டர் சீட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வழியில் இவரை நன்றாகத் தெரிந்த ஒரு ஜெர்மன் கொல்லர் உற்றுப் பார்த்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ரயில், படகு, மறுபடி ரயில், நீராவிக் கப்பல், மறுபடி ரயில் என்று ஒரு நாளுக்குள் நியூயார்க். இந்த விவரத்தை 1881 வரை அவர் வெளியே சொல்லவில்லை. அடிமைமுறை இருந்தவரை, சொன்னால் உதவி செய்தவர்கள் மாட்டுவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

இந்தப் பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அன்னா மர்ரி என்ற பெண்ணிடமிருந்து. அவர் சுதந்திரமான கறுப்பினப் பெண், வீட்டு வேலை செய்து சம்பாதித்தவர். தன் மெத்தை ஒன்றைக்கூட விற்றுக் கொடுத்தார் என்று மகள் ரொசெட்டா பின்னாளில் எழுதியிருக்கிறார். செப்டம்பர் 15-ஆம் தேதி நியூயார்க்கில் இருவருக்கும் கல்யாணம். டக்ளஸ் தன் வாழ்க்கையை மூன்று புத்தகமாக எழுதினார். மூன்றிலும் அன்னாவைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் வருகிறது. இது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. அவர் வெளிநாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அன்னா வீட்டில் செருப்புத் தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். கடைசிவரை அன்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் அம்மாவும் கைநாட்டுத்தான். அதனால் சொல்லத் தோன்றியது.

நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊரில் குடியேறினார்கள். அங்கேதான் டக்ளஸ் என்ற புதுப்பெயர். ஒரு வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த நிலக்கரியை உள்ளே அள்ளிப் போட்டதற்கு இரண்டு அரை டாலர் வெள்ளிக் காசு கிடைத்தது. கையை நீட்டிப் பிடுங்க ஆள் இல்லை! ஆனால் கலப்பற்று வேலை கேட்டுப் போனபோது, ஒரு கறுப்பன் உளியைத் தொட்டால் வெள்ளைக்காரர் எல்லோரும் கப்பலை விட்டு இறங்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாளுக்கு இரண்டு டாலர் சம்பாதிக்க வேண்டிய தொழிலாளி ஒரு டாலர் கூலி வேலைக்குப் போனார். விறகு பிளந்தார், கப்பலில் சரக்கு ஏற்றினார். பித்தளை வார்ப்படப் பட்டறையில் துருத்தி போட்டபோது, எதிரே உள்ள தூணில் செய்தித்தாளை ஆணி அடித்து வைத்து, துருத்தியை ஏற்றி இறக்கிக்கொண்டே படிப்பாராம். நம் ஃபவுண்டரி ஷாப்பில் அடுப்புப் பக்கம் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும்.

1841 ஆகஸ்டில் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் நடுங்கிக்கொண்டே பேசினார். உடனே மாசசூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கம் அவரைப் பேச்சாளராக அமர்த்திக்கொண்டது. அதே வருடம் ரயிலில் வெள்ளையர் பெட்டியை விட்டு எழுந்திருக்க மறுத்தார். இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டவரை, இருக்கையையும் சேர்த்துப் பெயர்த்துத்தான் வெளியே தள்ள முடிந்தது.

பேச்சு நன்றாக இருந்ததே ஒரு தொந்தரவாகிவிட்டது. இவ்வளவு அழகாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்கவே முடியாது, பொய் சொல்கிறான் என்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1845-இல் பாஸ்டனில் முதல் சுயசரிதை வந்தது. எஜமானர் பெயர், பண்ணை பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் உள்ளபடி. நாலே மாதத்தில் சுமார் 5,000 பிரதி விற்றது. யோசித்துப் பாருங்கள், தப்பி ஓடியவர் தன் விலாசத்தைத் தானே அச்சடித்துக் கொடுத்த மாதிரி! ஆள்பிடிப்பவர்களுக்குப் பயந்து கப்பலேறி அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் சுற்றினார். நியூகாசிலைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் 150 பவுன் திரட்டி 1846 கடைசியில் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமைமுறையை ஒப்புக்கொள்வதாகாதா என்று சொந்தக் கூட்டாளிகளே கண்டித்தார்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அப்படிப் பேசலாம் என்பது என் அபிப்பிராயம்.

திரும்பி வந்து ரோசெஸ்டர் நகரத்தில் 1847 டிசம்பர் 3-இல் 'நார்த் ஸ்டார்' பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை நடத்த வீட்டையே அடமானம் வைத்தார். பிள்ளைகள் அச்சுக் கோத்தார்கள். தப்பி வரும் அடிமைகளை வீட்டில் ஒளித்து வைத்து கனடாவுக்கு அனுப்புவார்கள், ஒரு சமயம் பதினோரு பேர் ஒரே வீட்டில்! 1848-இல் செனிகா ஃபால்ஸில் நடந்த பெண்கள் உரிமை மாநாட்டில், பெண்களுக்கு ஓட்டுரிமை என்ற தீர்மானம் தோற்றுவிடும்போல இருந்தது. டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசினார். அங்கே இருந்த ஒரே கறுப்பர் அவர்தான்.

உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைப் படையில் சேரச் சொல்லி ஊர் ஊராகப் போனார். தன் மகன்கள் லூயிஸையும் சார்லஸையும் முதலில் சேர்த்துவிட்டார். ஆனால் வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பு வீரருக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். 1863 ஆகஸ்டில் நேராக ஜனாதிபதி லிங்கனிடம் போய் இதைக் கேட்டார். லிங்கன் மரியாதையாகப் பேசினார், உடனே ஒன்றும் செய்யவில்லை. 1864-இல்தான் சம்பளம் சமமானது. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? 1869-இல் மகன் லூயிஸுக்கு வாஷிங்டன் அரசு அச்சகத்தில் வேலை கிடைத்தது. அச்சுக் கோப்பவர்கள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. அப்பாவை உளி தொட விடவில்லை. முப்பது வருடம் கழித்து, நடுவில் ஒரு போரே நடந்து முடிந்த பிறகு, மகனுக்கும் அதே கதை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பின்னாளில் பெரிய பதவிகள் வந்தன. 1877-இல் தலைநகரின் மார்ஷல், 1889 முதல் 1891 வரை ஹைத்தி நாட்டுக்குத் தூதர். அன்னா 1882-இல் இறந்தார். 1884-இல் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தபோது இரண்டு பக்கமும் எதிர்ப்பு. தெற்கே கறுப்பர்களைக் கும்பல் கூடித் தூக்கிலிடும் கொடுமையை ஐடா வெல்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் வெளிக்கொண்டு வந்தபோது, கிழவர் அவர் பக்கம் நின்றார், 1894-இல்கூட அதைக் கண்டித்து நீண்ட உரை ஆற்றினார். 1895 பிப்ரவரி 20 பகலில் பெண்கள் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சாய்ந்துவிட்டார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 1877-இல் அவர் பழைய எஜமானர் தாமஸ் ஆல்டைப் பார்க்கப் போனார். ஆல்டு அப்போது எண்பது தாண்டி, வாதம் வந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. வயதான பாட்டியை ஆல்டு நிர்க்கதியாக விட்டுவிட்டார் என்று முன்பு எழுதியது தப்பு என்று டக்ளஸ் ஒப்புக்கொண்டார். எஜமானரிடம் போய் நிற்பதா என்று கறுப்பர்களில் பலருக்குக் கோபம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் டக்ளஸ் அவரிடம் ஒரு விஷயம் கேட்டார். எனக்கு என்ன வயது என்று. ஆல்டு, சரியாகச் சொல்ல முடியாது, 1818 பிப்ரவரியாக இருக்கும் என்றார். டக்ளஸ் அதுவரை தனக்கு ஒரு வயது கூட என்றே நினைத்திருந்தார். 1894-இல்கூட, இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, இதையே விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதல் எஜமானர் ஆரோன் அந்தோணி தன் அடிமைகள் பிறப்பதைக் கால்நடைக் கணக்கு மாதிரி ஒரு ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த ஏடு தப்பித்துக் கிடந்தது, பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஹாரியட்டின் மகன் பிரெடரிக் அகஸ்டஸ் 1818 பிப்ரவரியில் பிறந்ததாக அதில் ஒரு வரி இருக்கிறது. தேதி மட்டும் அதிலும் இல்லை.